கிராதியில் தங்கியவர்கள்

இயேசு மரி சூசை துணை

நாவலப்பிட்டி
24 ஜூலை 1989

அன்புள்ள அத்தானுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். கோச்சி கம்பளை ஸ்டேஷனில் வெகுநேரம் நின்றது. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. இப்போதெல்லாம் யாரும் எதையும் ஏன் என்று கேட்பதில்லை. நானும் வயிற்றில் இருக்கிற உங்கள் பிள்ளையும் சுகம். உங்கள் சுகத்தை உண்மையாக எழுதவும். காய்ச்சலில் படுத்துக்கொண்டே "நல்லா இருக்கேன்" என்று சொல்கிற ஆள் நீங்கள்.

வந்த அன்றே அண்ணன் உங்கள் விஷயத்தைப் பேசிவிட்டார். இங்கே தேயிலைத் தொழிற்சாலையில் என்ஜின் பார்க்கிறவர் செப்டெம்பரோடு வேலையை விடுகிறார். "மச்சான் இத்தன வருசமா ஆத்துல பம்பு ஓட்டுறாரு, என்ஜின் என்ன பெரிய வித்தையா?" என்று அண்ணன் தோட்டத்துத் துரையிடம் கேட்டிருக்கிறார். துரைக்கும் சம்மதம். குவார்ட்டர்ஸ் உண்டு. பிள்ளை பிறக்கும்போது நீங்கள் என் பக்கத்தில் இருக்கலாம். உடனே லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வாங்க.

இந்த முறை சிங்களவருக்கும் சிங்களவருக்கும்தானே சண்டை, நமக்கென்ன என்று ஸ்டேஷனில் வைத்துச் சொன்னீர்கள். அரசாங்கத்தைக் கவிழ்க்கப் போகிற பையன்கள் கடையை மூடு என்று சுவரில் ஒட்டுகிறார்கள். ஆமிக்காரர் வந்து கடையைத் திற என்கிறார்கள். நடுவில் நிற்கிறவனை யாரும் சாதி கேட்டுவிட்டுச் சுடுவதில்லை. எண்பத்து மூன்றிலும் "நாளைக்குப் போகலாம்" என்றுதான் சொன்னீர்கள். அன்று ராத்திரியே வீடு எரிந்தது. மடவளையில் கைரியா ராத்தா வீட்டு அரிசி மூட்டைகளுக்கு நடுவில் ஒளிந்து கிடந்ததை நான் மறக்கவில்லை.

அலுமாரியில் உங்கள் கம்பளிச் சட்டையை மேல் தட்டில் வைத்திருக்கிறேன். தேடிக் கலைக்க வேண்டாம்.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்
டொரதி


கட்டுகஸ்தோட்டை
6 ஆகஸ்ட் 1989

அன்புள்ள டொரதிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஆண்டவர் கிருபையால் நான் நலம். இந்த முறை உண்மையாகவே நலம், காய்ச்சல் இல்லை. நீ நேரத்துக்குச் சாப்பிடு. மலையில் குளிர் அதிகம், காலில் உறை போட்டுக்கொள்.

அண்ணனுக்கு என் நன்றியைச் சொல். நல்ல வேலைதான். ஆனால் இங்கே ஆள் குறைவு. நானும் பண்டா அண்ணனும்தான் மாறி மாறிப் பார்க்கிறோம். நான் போனால் அவர் தனியாகத் தவிப்பார். ஊருக்குத் தண்ணீர் நின்றுவிடும். இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம்.

மழை பலம். ஆறு கலங்கலாக ஓடுகிறது. நீ இங்கே இல்லாதது ஒரு விதத்தில் நல்லது.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்கிறவள் நீ. உடலுக்குச் செய்கிற இரக்கச் செயல்கள் ஏழு என்று படித்தோமே, அவை என்னென்ன? பசித்தவருக்கு உணவு, தாகத்துக்குத் தண்ணீர், இல்லாதவருக்கு உடுப்பு, வழிப்போக்கருக்கு இடம், நோயாளியைப் பார்ப்பது, சிறையில் இருப்பவரைப் பார்ப்பது. ஆறுதான் வருகிறது. பம்பு ஓடும்போது சும்மா உட்கார்ந்து யோசித்தேன், ஏழாவது ஞாபகம் வரவில்லை.

கைரியா ராத்தாவும் அவர் புருஷன் ஷிராஸ் நானாவும் உன்னை விசாரித்தார்கள். ராத்தா உனக்கு மாசிச் சம்பல் செய்து வைத்திருக்கிறார். நானா வேனில் அந்தப் பக்கம் வரும்போது கொண்டுவருவார்.

அன்புடன்
மத்தியாஸ்


நாவலப்பிட்டி
14 ஆகஸ்ட் 1989

அன்புள்ள அத்தானுக்கு,

மாதா பெருநாளுக்கு வருவீர்கள் என்று இருந்தேன். உங்களுக்குப் பதிலாகக் கடிதம் வந்தது. பரவாயில்லை, அதாவது வந்ததே. நான் சுகம். பிள்ளை உதைக்கத் தொடங்கிவிட்டது, அதற்கும் உங்கள் மேல்தான் கோபம் போலிருக்கிறது.

பண்டா அண்ணன் தவிப்பார் என்று எழுதியிருந்தீர்கள். நான் தவிப்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

முதல் நன்மை வாங்கும்போது படித்ததை இத்தனை சீக்கிரம் மறந்துவிட்டீர்கள். என் வகுப்பில் இருந்திருந்தால் முழங்காலில் நிறுத்தியிருப்பேன். ஏழாவது, இறந்தவர்களை அடக்கம் செய்வது. ஏன் கேட்டீர்கள்? நீங்கள் சும்மா யோசிக்கிற ஆள் இல்லையே.

செப்டெம்பர் கடைசிவரைதான் துரை பார்ப்பாராம். பிறகு வேறு ஆளை எடுத்துவிடுவார். பதில் எழுத வேண்டாம், நீங்களே வாங்க.

டொரதி


கட்டுகஸ்தோட்டை
10 செப்டெம்பர் 1989

அன்புள்ள டொரதிக்கு,

தபால் வேலைநிறுத்தம், ஊரடங்கு, பிறகு என் சோம்பல். எல்லாவற்றுக்கும் மன்னிக்கவும். இதை ஷிராஸ் நானா கையில் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

ஆற்றிலிருந்து தண்ணீர் உறிஞ்சுகிற குழாய்க்கு முன்னால் இரும்புக் கிராதி ஒன்று இருப்பதை நீ பார்த்திருக்கிறாய். வாழைமட்டையும் மூங்கிலும் குழாய்க்குள் போகாமல் தடுக்க வைத்தது. விடிந்ததும் முதல் வேலை கொக்கித்தடியால் அதைத் துப்புரவாக்குவது. ஜூலையிலிருந்து அதில் மனிதர்களும் வந்து தங்குகிறார்கள். சிலருக்குக் கை கட்டியிருக்கும். மேலே எழுத மாட்டேன், நீ வயிற்றுப் பிள்ளைக்காரி.

பண்டா அண்ணன் முதல் நாளே சொல்லிவிட்டார். "தடியால ஒரு தள்ளு தள்ளிவிடு மத்தியாஸ். பொல்கொல்லை அணைக்கட்டுக்குப் போயிரும். அங்க வேற பொலிஸ், அவங்க பாத்துக்கட்டும்." அவர் கெட்டவர் அல்ல. தள்ளும்போது கண்ணை மூடிக்கொள்வார். நான் மோட்டாருக்கு எண்ணெய் விடுகிற சாக்கில் திரும்பி நிற்பேன். அறிவித்தால், நீ ஏன் அறிவித்தாய் என்று ஒரு பக்கம் கேட்கும். எடுத்துப் புதைத்தால், யாரைக் கேட்டுப் புதைத்தாய் என்று இரண்டு பக்கமும் கேட்கும். செத்த வீட்டில் அழுவதற்குக்கூட இப்போது உத்தரவு வேண்டியிருக்கிறது.

உன் கடிதம் வந்த வாரம் காலை வேலை எனக்கு விழுந்தது. தடியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். முகம் மேலே பார்த்தபடி ஒருவன் கிடந்தான், இருபது வயது இருக்காது. தடியை நீட்டினேன், தள்ள முடியவில்லை. யாரோ என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது போல இருந்தது என்றெல்லாம் எழுதினால் நீ சிரிப்பாய். ஒருவரும் கூப்பிடவில்லை. பம்புதான் இரைந்துகொண்டிருந்தது. ஆனாலும் இது என்னிடம்தான் கேட்கப்படுகிறது, வேறு யாரிடமும் இல்லை என்று நன்றாகத் தெரிந்தது. அதற்குப் பிறகு தெரியாத மாதிரி இருக்க என்னால் முடியவில்லை.

ஷிராஸ் நானாவின் வேனில் சாக்குகளுக்கு அடியில் வைத்துக் கோயில் சவக்காலைக்குக் கொண்டுபோனோம். பாதர் லோரன்ஸ் உள்ளே போய் மண்வெட்டியை எடுத்துவந்து என் கையில் தந்தார். புத்த சமயத்துப் பையனுக்குச் சிலுவை நடுவது சரியில்லை என்று மேட்டின் மேல் ஒரு கல் மட்டும் வைத்தோம்.

எண்பத்து மூன்றில் அவனுக்குப் பதின்மூன்று வயது இருந்திருக்கும். நம் கூரை எரியும்போது கைதட்டி நின்ற கூட்டத்தில் அந்த வயதுப் பயல்களும் இருந்தார்கள். இவனும் நின்றானோ என்று குழியில் இறக்கும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். தெரியவில்லை. நின்றிருந்தால் என்ன செய்திருப்பேன் என்பதும் தெரியவில்லை.

அவனுக்குப் பிறகும் ஆட்கள் வருகிறார்கள். அதனால்தான் நான் வரவில்லை.

மத்தியாஸ்


நாவலப்பிட்டி
17 செப்டெம்பர் 1989

அத்தானுக்கு,

கடிதத்தை எரித்துவிட்டேன். எரித்தும் என்ன, ஒவ்வொரு வரியும் மனப்பாடமாகிவிட்டது. நான் சுகமில்லை. தூக்கம் இல்லை.

கடவுள் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். பீடத்துக்கு முன்னால் நின்று, இன்பத்திலும் துன்பத்திலும் உன்னோடு இருப்பேன் என்று என் கையைப் பிடித்துச் சொன்னீர்களே, அதைக் கேட்டது யார்? இந்தப் பிள்ளையைத் தந்தது யார்? உயிரோடு இருக்கிற இரண்டு பேரை மலையில் விட்டுவிட்டு, செத்துப்போனவர்களுக்கு ஊழியம் செய்யச் சொல்கிற கடவுளை எனக்குத் தெரியாது. நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற கடவுள் அவர் இல்லை.

அவர்களுக்கும் ஒரு தாய் இருப்பாள், அது எனக்குத் தெரியாதா? ஆனால் நம் வீடு எரிந்தபோது அந்தத் தாய்மார் எங்கே இருந்தார்கள் என்று ஒருமுறையாவது கேட்டுப் பார்த்தீர்களா?

ஏழாவது எது என்று கேட்டபோது தெரியாது என்று எழுதியிருக்க வேண்டும். என் வாயால் உங்களை அனுப்பிவிட்டேன்.

வேலை மாதக் கடைசிவரை காத்திருக்கும். அத்தான், கெஞ்சிக் கேட்கிறேன், வாங்க.

டொரதி


கட்டுகஸ்தோட்டை
2 ஒக்டோபர் 1989

என் அன்புள்ள டொரதிக்கு,

நீ தூங்க வேண்டும். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். கைரியா ராத்தா கொத்தமல்லி கொடுத்தனுப்புகிறார், அவித்துக் குடி.

நீ எழுதியதை அப்படியே பாதரிடம் கேட்டேன். "உன் பெண்சாதி சொல்றதும் சரிதான் மத்தியாஸ்" என்றார். அவ்வளவுதான். பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாலாவது ஒரு அபராதம் தருவார், இதற்கு அதுவும் இல்லை.

வெள்ளிக்கிழமை நான் புறப்பட்டேன். உன்னிடம் சொல்லாமல் வந்து நிற்க நினைத்தேன். உடுப்பை மடித்து, வீட்டைப் பூட்டி, சாவியை ராத்தாவிடம் கொடுத்தேன். பண்டா அண்ணன் "போ, போ, பொஞ்சாதிகிட்டப் போய்ச் சேரு" என்று சந்தோஷமாகத்தான் அனுப்பினார். பஸ்ஸில் கண்டிக்கு வந்து கோச்சி ஏறினேன். பேராதனையில் கோச்சி ஆற்றைக் கடந்தபோது எல்லோரும் ஜன்னல் பக்கம் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். நானும் திருப்பினேன். அடுத்த ஸ்டேஷனில் இறங்கிவிட்டேன். மேடையில் ஒரு வாங்கில் உட்கார்ந்து, உன்னிடம் வரவும் முடியாமல் திரும்பிப் போகவும் முடியாமல் அழுதேன். கண்டிப் பக்கம் போகிற கோச்சி முதலில் வந்தது. அதில் ஏறினேன். உன் பக்கம் போகிற கோச்சி முதலில் வந்திருந்தால் ஒருவேளை அதில் ஏறியிருப்பேன். என்னைப் பெரிய விசுவாசி என்று நீ நினைக்க வேண்டாம்.

போன வாரம் ஒரு அம்மா தேடிக்கொண்டு வந்தார். எப்படிக் கேள்விப்பட்டாரோ. மகனுக்கு முன் பல் ஒன்று பாதி உடைந்திருக்கும் என்றார். அப்படி ஒருவரை அடக்கம் செய்திருந்தோம். கல்லைக் காட்டினேன். அவர் அழவில்லை. நிலத்தில் உட்கார்ந்து, குழந்தையைத் தட்டுவது போல மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தார். போகும்போது பெயரும் ஊரும் சொன்னார். எழுதி வைக்கவில்லை, மனதில் வைத்திருக்கிறேன். அவருக்குப் பிறகு இன்னும் சிலர் வந்தார்கள்.

தொழிற்சாலை வேலைக்கு வேறு ஆளை எடுக்கச் சொல்லிவிடு. அண்ணனிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். பிள்ளை பிறக்கும்போது கட்டாயம் வருவேன். அதற்கு மட்டும் வாக்குத் தருகிறேன்.

மத்தியாஸ்


நாவலப்பிட்டி
22 ஒக்டோபர் 1989

அன்புள்ள அத்தானுக்கு,

இங்கே அனைவரும் சுகம். அண்ணன் உங்கள் மேல் கோபமாக இருக்கிறார். "ஓம் புருசனுக்குப் புத்தி கெட்டுப்போச்சு" என்றார். அவருக்கு விஷயம் தெரியாது, தெரிந்தால் இன்னும் மோசமாகச் சொல்வார். நானும் உங்களுக்குப் பதில் எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன்.

வியாழக்கிழமை மருத்துவிச்சியிடம் காட்ட டவுனுக்குப் போனேன். பாலத்தில் கூட்டம் நின்றது. எட்டிப் பார்க்காதே என்று அண்ணி இழுத்தாள், பார்த்துவிட்டேன். ஒரு பெண். என்னைவிட இளையவள். பச்சைப் பூப்போட்ட சட்டை. கொஞ்ச நேரம் பாலத்துத் தூணில் முட்டி நின்றது, பிறகு தானாகத் திரும்பி இழுத்துக்கொண்டு போய்விட்டது. கூட்டம் கலைந்தது. நாங்களும் நடந்தோம். அண்ணி கறிவேப்பிலை வாங்கினாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. இந்த ஆறு எங்கே போகிறது என்று இத்தனை நாள் நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. கம்பளை, பேராதனை, பிறகு நீங்கள். அந்தப் பெண் உங்களிடம்தான் வந்துகொண்டிருந்தாள்.

பண்டா அண்ணனின் முறையில் வந்துவிடக்கூடாது என்று ஜெபம் செய்தேன். செய்துவிட்டு என்மேல் எனக்கே கோபம் வந்தது. உங்களுக்கு ஆபத்து வரட்டும் என்று ஜெபிக்கிற மனைவி உலகத்தில் எங்காவது உண்டா? அதற்குப் பிறகு ஜெபத்தை மாற்றிச் சொல்லப் பார்த்தேன், வாய் வரவில்லை. இன்னும் கோபம்தான் அத்தான். உங்கள் மேலும், உங்களைக் கேட்டவர் மேலும். இப்போது என்னையும் இதில் இழுத்துவிட்டார்.

வந்தாளா?

டொரதி


கட்டுகஸ்தோட்டை
7 நவம்பர் 1989

என் அன்புள்ள டொரதிக்கு,

நலம். நீயும் பிள்ளையும் நலமாக இருக்க இங்கே இரண்டு கோயிலிலும் ஒரு பள்ளிவாசலிலும் ஜெபம் நடக்கிறது.

நீ எழுதிய தங்கை வந்து சேர்ந்தாள். உன் கடிதம் வருவதற்கு முந்தியே வந்துவிட்டாள். பண்டா அண்ணனின் முறை அது. அவர் தள்ளவில்லை. தடியால் பிடித்துவைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட ஆள் அனுப்பினார். "பொம்பளப் புள்ள" என்று மட்டும் சொன்னார். கைரியா ராத்தா ஒரு புதுத் துணி தந்தார்.

அவளுடைய அம்மா ஞாயிற்றுக்கிழமை வந்தார். கல்லைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார், "ஒரு வெள்ளைக் கொடிகூடக் கட்டாமலா என் மகளை அனுப்பினீர்கள்?" எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவர்களுக்கு வெள்ளைக் கொடி இல்லாத சாவு அநாதைச் சாவு. நாம் நம் முறைப்படி கால் கோயிலைப் பார்க்க வைத்து, நம் ஜெபத்தைச் சொல்லி, எல்லாம் சரியாகச் செய்துவிட்டதாக நினைத்திருக்கிறோம். உன் பழைய வெள்ளைப் படுக்கை விரிப்பை எடுத்துக் கிழித்தேன், கோபிக்காதே. சவக்காலை வேலியில் வரிசையாகக் கட்டிவிட்டேன். அந்த அம்மா இரண்டு கையையும் கூப்பினார். ஷிராஸ் நானாவுக்குத்தான் பிடிக்கவில்லை. "ரோட்டுக்குத் தெரியுது மத்தியாஸ், அவுத்துருங்க" என்கிறார். கட்டி ஒரு மாதம் முடியட்டும், பிறகு அவிழ்த்துவிடுவேன்.

லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். டிசெம்பர் நடுவில் வருகிறேன், கிறிஸ்மஸுக்கும் பிள்ளைக்கும் சேர்த்து. பண்டா அண்ணன், "நீ போ, நான் பாத்துக்கிறேன்" என்றார். எதைப் பார்த்துக்கொள்வார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஆண் பிள்ளை என்றால் நீ பெயர் வை. பெண் என்றால் எனக்கு விட்டுவிடு.

மத்தியாஸ்


மடவளை
23 நவம்பர் 1989

அன்புள்ள தங்கச்சி டொரதிக்கு,

கைரியா ராத்தா எழுதிக்கொள்வது. அல்லாஹ்வின் காவலில் நீங்கள் நலமாக இருக்க வேண்டும். இதைப் படிக்கும்போது உட்கார்ந்துகொண்டு படியுங்கள். பக்கத்தில் அண்ணியை வைத்துக்கொள்ளுங்கள்.

மத்தியாஸ் தம்பியைப் போன செவ்வாய்க்கிழமை ஆமிக்காரர் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். வேலியில் கட்டின கொடியை ஜீப்பில் போனவர்கள் பார்த்திருக்கிறார்கள். கோயிலுக்குள் வந்து, "யார் செத்தது? யார் கட்டினது?" என்று கேட்டிருக்கிறார்கள். பாதர் "நான்தான்" என்றாராம். அதற்குள் தம்பி பம்பு ஹவுஸிலிருந்து ஓடிவந்து, "பாதருக்கு ஒண்ணும் தெரியாது, கட்டுனது நான், பொதச்சது நான்" என்றாராம். வேன் யாருடையது என்று கேட்டதற்கு வாயே திறக்கவில்லையாம். எங்கள் வீட்டில் இன்று சோறு வேகிறதென்றால் அது அவர் வாய் திறக்காததால்தான்.

பள்ளிக்கூடம் ஒன்றைக் கேம்ப் ஆக்கியிருக்கிறார்கள், அங்கேதான் வைத்திருப்பதாகக் கேள்வி. பாதர் தினமும் போய் வாசலில் நிற்கிறார். நீங்கள் இந்த நிலையில் வர வேண்டாம். வந்தாலும் உள்ளே விடமாட்டார்கள்.

எண்பத்து மூன்றில் நீங்கள் எங்கள் வீட்டில் இருந்தபோது, "இந்தக் கடன எப்படி ராத்தா தீர்ப்பேன்" என்று அழுதீர்கள். அது எங்கள் கடமை என்று சொன்னேன். இப்போது எனக்கு அப்படி அழ வேண்டும் போலிருக்கிறது. ஐந்து நேரத் தொழுகையிலும் தம்பிக்காகத் துஆ கேட்கிறோம்.

இப்படிக்கு
கைரியா


கட்டுகஸ்தோட்டை
9 ஜனவரி 1990

கிறிஸ்துவில் அன்புள்ள டொரதிக்கு,

உங்களுக்கும் பிறந்திருக்கிற மகளுக்கும் ஆண்டவருடைய சமாதானம் உண்டாவதாக. பிரசவம் சுகமாக நடந்ததை உங்கள் அண்ணன் அறிவித்தார். மத்தியாஸ் உயிரோடு இருக்கிறார். அதை முதலில் எழுத வேண்டும் என்றுதான் நினைத்தேன், கை வழக்கப்படி வாழ்த்தை எழுதிவிட்டது.

நேற்று அவரைப் பார்க்கக் கொஞ்ச நேரம் விட்டார்கள். மெலிந்திருக்கிறார். இடது கையைத் தூக்க முடியவில்லை. மகள் பிறந்திருக்கிறாள் என்று சொன்னேன். சிரித்தார். "டொரதி தூங்குறாளா பாதர்?" என்று கேட்டார்.

பொறுப்பான அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். புதைத்ததற்காக மத்தியாஸை வைத்திருக்கவில்லையாம். கல்லைத் தேடி வந்த தாய்மாரின் பெயரும் ஊரும் வேண்டுமாம். அவற்றைச் சொன்னால் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்கிறார். மத்தியாஸ் ஞாபகம் இல்லை என்கிறார். அந்தப் பெண்களுக்கு வீட்டில் இன்னும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பது அதிகாரிக்கும் தெரியும், மத்தியாஸுக்கும் தெரியும்.

உங்களிடமிருந்து ஒரு கடிதத்துக்கு அனுமதி தந்திருக்கிறார். "மனைவி எழுதட்டும், பிள்ளைக்காகவாவது சொல்லச் சொல்லி எழுதட்டும். அவள் கேட்டால் சொல்லிவிடுவான்" என்றார். தமிழ் தெரிந்த ஒருவர் படித்துப் பார்த்த பிறகுதான் கடிதம் உள்ளே போகும். என் மனதுக்கும் அதே எண்ணம்தான், நீங்கள் கேட்டால் அவர் மறுக்கமாட்டார்.

என்ன எழுத வேண்டும் என்று நான் சொல்லப்போவதில்லை. சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை. அன்று அந்த மண்வெட்டியை எடுத்துக் கொடுத்தவன் நான், இன்று வெளியே இருக்கிறேன். நீங்கள் எதை எழுதினாலும் ஆண்டவர் உங்களைக் குறை சொல்லமாட்டார் என்று மட்டும் நம்புகிறேன்.

ஜெபத்துடன்
பாதர் லோரன்ஸ்


இயேசு மரி சூசை துணை

கட்டுகஸ்தோட்டை
21 ஜனவரி 1990

என் அன்புள்ள அத்தானுக்கு,

உங்களுக்கு முன்னால் இதைப் படிக்கிறவருக்கும் என் வணக்கம். என் கையெழுத்து கொஞ்சம் சாய்வாக இருக்கும், பொறுத்துக்கொள்ளச் சொல்லவும்.

நம் வீட்டிலிருந்து எழுதுகிறேன். போன சனிக்கிழமை மகளைத் தூக்கிக்கொண்டு கோச்சி ஏறி வந்துவிட்டேன். அண்ணன் தடுத்தார். அவருக்குத் தெரிந்த அத்தனை வசவும் வைதுவிட்டு, கடைசியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷன்வரை வந்தார். வீடு குப்பையாகக் கிடந்தது. கதிரை ஒன்றுக்குக் கால் இல்லை, அதை நீங்கள் எப்போது உடைத்தீர்கள் என்று தெரியவில்லை. அலுமாரியை எப்படிக் கலைத்து வைத்திருக்கிறீர்கள்! அடுப்பு மூட்டிவிட்டேன். பண்டா அண்ணன் விறகு கொண்டுவந்து போட்டார். பம்பு நிற்காமல் ஓடுகிறது, ஊருக்குத் தண்ணீர் வருகிறது, காலை வேலைகள் எல்லாம் வழக்கம்போல நடக்கின்றன.

மகளுக்கு உங்கள் மூக்கு. பாவம், என்ன செய்வது. தலைமயிர் நிறைய. பால் குடித்ததும் தூங்கிவிடுவாள், ராத்திரி விழித்துக்கொண்டு யாரையோ தேடுவது போலச் சுற்றிப் பார்ப்பாள். பெண் என்றால் பெயரை எனக்கு விடு என்றீர்கள், விட்டிருக்கிறேன். பாதர் அவசரப்படுத்தினார், ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போடக் கூடாதாம். காத்திருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். இப்போதைக்கு பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம்.

எனக்குப் பயமாக இருக்கிறது அத்தான். அழாமல் எழுதுகிறேன் என்று பொய் சொல்லமாட்டேன், தாளைப் பார்த்தாலே தெரியும். உங்கள் கை எப்படி இருக்கிறது? பாதர் சொன்னதிலிருந்து என் இடது கையும் சேர்ந்து வலிக்கிறது. பிள்ளையைத் தூக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். நீங்கள் இவளை ஒரு நாளாவது தூக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இல்லை. கோபம் இருந்ததே, அது போய்விட்டது. கிறிஸ்மஸ் ராத்திரி தேடிப் பார்த்தேன், இல்லை. நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த கடவுளும் உங்களைக் கேட்டவரும் ஒருவர்தான் என்று வைத்துக்கொள்ளப் பார்க்கிறேன். சில நாள் முடிகிறது, சில நாள் முடியவில்லை.

இந்தக் கடிதத்தில் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று எனக்குச் சொல்லியனுப்பியிருந்தார்கள். மூன்று நாளாக யோசித்துப் பார்த்தேன். எனக்கும் ஞாபகம் வரவில்லை.

போன வருஷம் எழுதிய ஒவ்வொரு கடிதத்திலும் வாங்க, வாங்க என்றுதான் எழுதினேன். இப்போது நானே வந்துவிட்டேன். இந்த வீட்டில்தான் இருப்பேன். வாசலுக்கு யார் வந்தாலும் கதவைத் திறப்பேன். வேளைக்குச் சாப்பிடுங்கள். நீங்கள் வருவதற்கு அவசரப்பட வேண்டாம்.

உங்கள்
டொரதி